வாராவதிக்குக் கீழே நின்று எடுக்கும் படங்கள்

சேரிக்காரனுக்கு எதற்குப் பொழுதுபோக்கு என்று கேட்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஊர்த்தெருவில் இருந்து வரும் கேள்வியில் ஏளனம் இருக்கும். நம் தோழர்களிடம் இருந்து வரும் கேள்வியில் அவசரம் இருக்கும். "ஆயிரம் பிரச்சினை கெடக்குது, நீங்க பாலத்தப் படம் புடிச்சிக்கிட்டு சுத்துறீங்களே?" என்று ஒரு கூட்டத்தில் மூத்த தோழர் ஒருவர் கேட்டார். அவருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

நாங்கள் நான்கு பேர். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள காலனிகளில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவர் பெயிண்டிங் வேலை, ஒருவர் செல்போன் பழுது பார்ப்பவர், இரண்டு பேர் பட்டம் முடித்துப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பைக்கில் கிளம்புவோம். கையில் இருப்பது ஒரு செல்போன், சட்டைக் காலரில் மாட்டும் ஒரு மைக், ஒரு செல்ஃபி ஸ்டிக். பௌர்ணமி ஞாயிற்றில் வந்துவிட்டால் மட்டும் போவதில்லை. கிரிவலக் கூட்டத்தில் ஊரை விட்டு வண்டியை வெளியே எடுக்க முடியாது.

தேடிப் போவது பழைய பாலங்களை. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பாலத்தை 'வாராவதி' என்றுதான் சொல்வார்கள். செங்கல் வளைவு வாராவதி, ரயில் வாராவதி, வெள்ளம் வந்தால் மூழ்கிப்போகும் தரைப்பாலம், வாய்க்கால் மேல் போட்ட சிறுபாலம் என்று எதையும் விடுவதில்லை. கைப்பிடிச் சுவரில் ஆண்டு பொறித்த கல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். கண்ணறைகளை எண்ணுவோம். காலடியால் நீளத்தை அளப்போம். பிறகு ஆற்றுக்குள் இறங்கி அடியில் நின்று மேல் பார்த்து எடுப்போம். மாசியில் இருந்து வைகாசி வரை ஆறு வறண்டு கிடப்பதால் அதுதான் எங்களுக்குப் படப்பிடிப்புக் காலம்.

இந்தப் பைத்தியம் பிடித்தது வெளிநாட்டு வீடியோக்களால். அமெரிக்காவிலும் கனடாவிலும் 'மூடிய பாலம்' என்று ஒன்று உண்டு. மரத்தால் கட்டிய பாலம். மேலே வீடு மாதிரி கூரை, இரண்டு பக்கமும் பலகைச் சுவர். தூரத்தில் இருந்து பார்த்தால் ஆற்றின் குறுக்கே நீளமான களஞ்சியத்தைக் கொண்டுவந்து வைத்தது போல இருக்கும். ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிகள் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் இந்தப் பாலங்களைப் படம் எடுக்கிறார்கள். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் உள்ள ஹார்ட்லேண்ட் பாலம்தான் உலகிலேயே நீளமான மூடிய பாலம், 391 மீட்டர். 1901-ல் திறந்தார்கள், 1922-ல் கூரை போட்டார்கள். சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் 14ஆம் நூற்றாண்டு மூடிய பாலம் ஒன்று இருக்கிறது. 1993-ல் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்துபோக, அடுத்த ஆண்டே திரும்பக் கட்டிவிட்டார்கள். வியட்நாமின் ஹோய் ஆன் நகரத்து மூடிய பாலத்தை அந்த நாட்டு ரூபாய் நோட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

கூரை எதற்கு என்று தேடிப் பார்த்தோம். நடப்பவர் நனையாமல் இருப்பதற்கு என்றுதான் நினைத்திருந்தோம். முதல் காரணம் அது இல்லையாம். மரச் சட்டங்கள் மழையிலும் பனியிலும் ஊறினால் பத்து இருபது ஆண்டில் உளுத்துவிடும். கூரை போட்டால் நூறு ஆண்டுக்கு மேல் நிற்கும். பாலத்தின் எலும்பைக் காப்பாற்றத்தான் கூரை.

நம் ஊரில் அப்படி ஒரு பாலம் கிடையாது. கருங்கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் மழைக்குப் பயப்படாது. ஆனால் வறண்ட ஆறுகளில் இறங்கி இறங்கி ஒன்றைப் பார்த்தோம். இங்கே பாலத்துக்குக் கூரை இல்லை, பாலமே பல பேருக்குக் கூரை. வெயிலுக்கு ஒதுங்கும் ஆடு மேய்ப்பவர், தள்ளுவண்டியைக் கட்டிப்போட்டுவிட்டு அடியில் தூங்கும் வியாபாரி, வேலைக்குப் போன இடத்தில் வீடு கிடைக்காத குடும்பம், மழைக்காலத்தில் குடிசை ஒழுகும் இருளர் குடும்பம். மேலே இருந்து எடுக்கும் எந்தப் படத்திலும் இவர்கள் தெரிவதில்லை. அடியில் இறங்கினால் அடுப்பு மூட்டிய கரி வளைவில் படிந்திருக்கும். பாரம்பரியச் சின்னம் என்று ட்ரோனில் படம் எடுப்பவர்கள் இதை அசிங்கம் என்று ஒதுக்கிவிடுவார்கள். நாங்கள் அதையும் சேர்த்துத்தான் எடுக்கிறோம்.

அந்த வெளிநாட்டுத் தாத்தா பாட்டிகளுக்கும் எங்களுக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. படம் எடுக்க நிற்கும்போது அவர்களை யாரும் விசாரிப்பதாகத் தெரியவில்லை. ஒரு கிராமத்தில், பேர் வேண்டாம், வாய்க்கால் மேல் இருந்த பழைய செங்கல் சிறுபாலத்தை எடுத்துக்கொண்டிருந்தோம். ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"எந்த ஊருப்பா?"

சொன்னோம்.

"அங்க எந்தப் பக்கம்?"

எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு என்ன பொருள் என்று இதைப் படிக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தைச் சொன்னதும் அவர் குரல் மாறியது. "இங்கெல்லாம் எதுக்கு எடுக்கறீங்க, எடுத்து எங்க அனுப்பப்போறீங்க?" என்றார். நெடுஞ்சாலைத் துறை போட்ட சிறுபாலம், அரசாங்கச் சாலை. அதன் மேல் நின்று படம் எடுக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? கேட்கவில்லை, எடுத்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினோம். அந்தச் சிறுபாலம்தான் அங்கே எல்லை. இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. பத்தடி நீளப் பாலம் இரண்டு கரையைச் சேர்ப்பதற்குத்தான் கட்டப்பட்டது. சாதி அதையே கோடாக்கி வைத்திருக்கிறது.

அன்று மாலை, காலனிப் பக்கம் ஒரு பாட்டி எங்களைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். "அந்த வாராவதிக்குக் கல்லு ஒடச்சது எங்க மாமனாரு, சுண்ணாம்பு இடிச்சது எங்க மாமியாரு. கட்டுற வரைக்கும்தான் எங்க கை வேணும். கட்டி முடிச்சப்புறம் செருப்பக் கையில தூக்கிக்கினுதான் அது மேல போவணும், அப்படி இருந்திச்சு சாமி" என்றார். ஆண்டு பொறித்த கல்லில் என்ஜினியர் பேர் இருக்கும், திறந்துவைத்தவர் பேர் இருக்கும். இந்தப் பாட்டியின் மாமனார் பேர் எந்தக் கல்லில் இருக்கிறது? அவர் பேச்சைப் பதிவு செய்த நான்கு நிமிடம்தான் அந்த வீடியோவிலேயே உருப்படியான பகுதி.

பாலத்தின் பேரிலேயே நம் கதை ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாய் மேல் ஹாமில்டன் பாலம் என்று ஒன்று இருந்தது. ஹாமில்டன் என்ற பேர் மக்கள் வாயில் 'அம்பட்டன் வாராவதி' ஆகிவிட்டது. அதை வெள்ளைக்காரர்கள் திரும்ப இங்கிலீஷில் பெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' ஆக்கினார்கள் என்று சென்னை வரலாறு எழுதுபவர்கள் சொல்கிறார்கள். துரை பேரில் தொடங்கி, ஒரு சாதியை இழிவாகக் கூப்பிடும் பேரில் நின்ற அந்தப் பாலத்துக்குக் கடைசியில் வைத்த பேர் அண்ணல் அம்பேத்கருடையது.

அண்ணலுக்கும் பாலத்துக்கும் ரத்த உறவே உண்டு. 1929-ல் பம்பாய் அரசு தீண்டப்படாத மக்களின் குறைகளை விசாரிக்க அமைத்த குழுவில் அவர் உறுப்பினர். ஒரு சமூகப் புறக்கணிப்பை விசாரித்துவிட்டுத் திரும்பும் வழியில் சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்கினார். அங்கிருந்த மகர் மக்கள் அவரைத் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துப்போக வந்திருந்தார்கள். எந்தக் குதிரைவண்டிக்காரரும் ஒரு தீண்டப்படாதவரை ஏற்றி ஓட்டத் தயாராக இல்லை. கடைசியில் வண்டியை மட்டும் வாடகைக்குத் தந்தார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத மகர் ஒருவர் ஓட்டினார். ஆற்றின் குறுக்கே இருந்த பாலத்துக்கு இரண்டு பக்கமும் சுவர் கிடையாது, இடைவெளி விட்டு நட்ட கற்கள்தான். சக்கரம் கல்லில் மாட்டியது. அண்ணல் பாலத்தின் கல்தளத்தில் தூக்கி எறியப்பட்டார். குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. தன் வாழ்க்கைக் குறிப்புகளில் இதை அவரே எழுதியிருக்கிறார். பாரிஸ்டர் படிப்பு, அரசுக் குழு உறுப்பினர் பதவி எல்லாம் இருந்தும், ஒரு பாலத்தைப் பத்திரமாகக் கடப்பதற்கு அது போதவில்லை.

திருநெல்வேலியில் தாமிரபரணி மேல் சுலோச்சன முதலியார் பாலம் இருக்கிறது. 11 வளைவுகள், லண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்துக் கட்டியது, 1843-ல் திறந்தது. அரசுப் பணியில் இருந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டினார். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. பாரம்பரியப் பாலங்கள் பற்றிய வீடியோ எதைத் திறந்தாலும் இந்தக் கதை வரும். நாங்கள் போய் எடுத்தபோது கேமராவைப் பாலத்தில் இருந்து கொக்கிரகுளம் பக்கத்து ஆற்றங்கரைக்குத் திருப்பினோம். 1999 ஜூலை 23 அன்று அந்தக் கரையில்தான் 17 பேர் செத்தார்கள். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், சிறையில் அடைக்கப்பட்டிருந்த தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனவர்கள். பெரும்பாலும் தலித் மக்கள். போலீஸ் தடியடியில் சிதறி ஆற்றில் இறங்கியவர்களுக்கும் அடி விழுந்தது. செத்தவர்களில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு. பெரும்பாலோர் மூழ்கி இறந்தார்கள் என்று விசாரணை ஆணையம் சொல்லிவிட்டது. தண்ணீருக்குள் அவர்களை யார் துரத்தினார்கள் என்பதுதானே கேள்வி?

அன்று அங்கே கேமராக்கள் இருந்தன. ஆற்றில் நிற்பவர்களைத் தடியால் அடிக்கும் காட்சிகள் பதிவாகின. ஆர்.ஆர்.சீனிவாசன் 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். அந்தக் காட்சிகள் இல்லை என்றால் இன்று தாமிரபரணி என்றதும் அல்வாவும் படித்துறையும் மட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். 1843-ஐச் சொல்லிவிட்டு 1999-ஐச் சொல்லாமல் விடும் வீடியோ பாதி வீடியோ என்பது எங்கள் கட்சி.

இதைவிட எங்களுக்குப் பக்கத்தில் நடந்தது வாணியம்பாடி நாராயணபுரத்தில். செங்கம், திருப்பத்தூர் வழியாகப் போனால் அரை நாள் பைக் பயணம். 2019 ஆகஸ்டில் அந்தக் காலனியைச் சேர்ந்த ஒருவர் விபத்தில் இறந்தார். உடலைப் பாலாற்றங்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் உள்ள நிலங்களைச் சாதி இந்துக்கள் வேலி போட்டு அடைத்திருந்தார்கள். என்ன செய்வது? சுமார் 20 அடி உயரப் பாலத்தின் மேல் பாடையைக் கொண்டுபோய், கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். கீழே நின்ற இளைஞர்கள் கையேந்தி வாங்கினார்கள்.

அது பாரம்பரியப் பாலம் இல்லை. வளைவு இல்லை, ஆண்டு பொறித்த கல்லைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, சாதாரண கான்கிரீட் பாலம். ஆனால் தமிழ்நாட்டில் எந்தப் பாலத்தின் வீடியோவும் அந்தச் செல்போன் வீடியோவைப் போலப் பேசவில்லை. அது பரவிய பிறகுதான் நாட்டுக்குத் தெரிந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதிகாரிகள் அந்த மக்களுக்கு என்று தனியே மயான இடம் ஒதுக்குகிறோம் என்றார்கள். தனி மயானம் ஒதுக்கி அரசே பிரிவினையை ஊக்குவிப்பதா என்று நீதிமன்றம் கேட்டது. சரியான கேள்வி. வழி கேட்டவனுக்குத் தனி இடம் கொடுப்பது தீர்வு அல்ல. அடைத்த வழியைத் திறப்பதுதான் தீர்வு.

அந்த வீடியோவை எடுத்தவர் பொழுதுபோக்காக எடுக்கவில்லை. ஆனால் எடுக்கத் தெரிந்திருந்தது. கை நடுங்காமல் பிடிக்க, கயிறும் பாடையும் கீழே நிற்கும் கைகளும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி நிற்கத் தெரிந்திருந்தது. கேமரா பழகாதவன் கையில் ஆபத்து வரும் நாளில் கேமரா நிற்காது. எங்களைக் கேள்வி கேட்ட மூத்த தோழருக்கு எங்கள் பதிலில் பாதி இதுதான். ஞாயிற்றுக்கிழமை வாராவதி எடுத்துப் பழகியவன், திங்கட்கிழமை அடைத்த பாதையை எடுப்பான்.

மறு பாதியையும் சொல்லிவிடுகிறோம். எல்லாவற்றையும் போராட்டத்துக்குப் பயன்படுமா என்று பார்த்தே நாங்கள் செய்யவில்லை. காலை ஆறரை மணி வெயில் செங்கல் வளைவுக்குள் சாய்வாக விழும்போது பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். பார்க்க வேண்டும் என்பதற்காகவே பார்க்கிறோம். அழகானதை வேலை இல்லாமல் நின்று பார்ப்பதற்கு நேரமும் இடமும் நம் அப்பன் பாட்டனுக்குக் கொடுக்கப்படவில்லை. ஆற்றுக்கு அவர்கள் போனால் மணல் அள்ள, பிணம் எரிக்க, மாடு கழுவ. சும்மா போய் நின்று ரசிக்க ஒரு தலித்துக்கு உரிமை உண்டா என்பதும் உரிமைக் கேள்விதான். உண்டு என்கிறோம். அதை எடுத்துக்கொள்கிறோம்.

எங்கள் மாவட்டத்துக்கே வருவோம். தென்பெண்ணை மேல் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே சுமார் 16 கோடி ரூபாயில் உயர்மட்டப் பாலம் கட்டி 2024 செப்டம்பரில் திறந்தார்கள். மூன்றே மாதம். ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையில் இருந்து ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிட, டிசம்பர் 2ஆம் தேதி அந்தப் பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. வடிவமைத்த அளவைவிட மிக அதிகமாக வெள்ளம் வந்தது என்று அரசுத் தரப்பு விளக்கம் சொன்னது. திருச்சியில் கொள்ளிடத்தின் மேல் 1928-ல் கட்டிய இரும்புப் பாலம் தொண்ணூறு ஆண்டு நின்று, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில்தான் தூண் சரிந்தது. அதற்கும் மணல் கொள்ளை ஒரு காரணம் என்று அங்குள்ளவர்கள் சத்தம் போட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது பொறியாளர்கள் வேலை. எங்களுக்குத் தெரிந்தது ஒன்று. பாலம் போனால் கார் வைத்திருப்பவன் சுற்றிக்கொண்டு போவான். தினக்கூலிக்கு அக்கரை போக வேண்டியவனுக்கு அன்றைய கூலி போகும். வெள்ளம் வடிந்த பிறகு அந்த வேலைக்காரர்கள் எப்படிப் போய்வந்தார்கள் என்பதை எந்தச் செய்தியும் காட்டவில்லை. உடைந்த பாலத்தைத்தான் காட்டினார்கள்.

ஆகவே தோழர்களே, குறிப்பாகக் கையில் செல்போன் வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் ஊர் வாராவதியை எடுங்கள். எடுக்கும்போது சில விஷயங்களை விடாதீர்கள். மேலே இருந்து ஒன்று எடுத்தால் கீழே இருந்து ஒன்று எடுங்கள். கல்லில் பொறித்த பேரை எடுத்தால், கல் உடைத்தவர் வீட்டுக்குப் போய் அவர்கள் சொல்வதையும் எடுங்கள். பாலத்தில் இருந்து மயானத்துக்குப் போகும் வழியைக் கேமராவோடு முழுசாக நடந்து பாருங்கள். எங்கே வேலி, எங்கே பள்ளம், எங்கே 'இது பட்டா நிலம்' என்ற போர்டு என்று தேதி சொல்லிப் பதிவு செய்யுங்கள். அசல் கோப்பை வெட்டாமல் வேறு ஒரு இடத்திலும் சேமித்து வையுங்கள். தனியாகப் போகாதீர்கள். அடியில் குடியிருப்பவர்களைக் கேட்காமல் அவர்கள் முகத்தை எடுக்காதீர்கள். நம்மை யாரும் கேட்காமல் எடுத்த படங்கள் போதும்.

யாராவது வந்து "எந்தப் பக்கம்?" என்று கேட்டால் சட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 15(2), அரசு நிதியில் பராமரிக்கும் சாலையையும் குளத்தையும் படித்துறையையும் பயன்படுத்த யாருக்கும் சாதியைச் சொல்லித் தடை போடக் கூடாது என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் சேர்த்த பிரிவு 3(1)(இசட்-ஏ), பட்டியல் சாதியினர் மற்றவர்களுக்குச் சமமாக மயானத்தை, ஆற்றை, சாலையை, வழியைப் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம் என்கிறது. பாலம் என்பது சாலைதான். அதன் மேல் நிற்க நமக்கு யார் தயவும் தேவையில்லை.

அடுத்த ஞாயிறு போளூர்ப் பக்கம் போகிறோம். செய்யாற்றில் தண்ணீர் வற்றிவிட்டதாம்.

ஜெய் பீம்.